பஸ் நிறுத்தத்தில் நிற்கும் கார்

அந்தத் தெருவில் பஸ்காரர் என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். நகரப் பேருந்து ஓட்டியே தலை நரைத்த மனிதர். ஓய்வு பெற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை என்பது அவருடைய பெருமை. அதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவது அவருடைய பழக்கம். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே அதைச் சொல்லப் பார்த்தார் என்று அவர் மனைவி சொல்வாள். அவரைத் தெரிந்தவர்கள் நம்பிவிடுவார்கள்.

மனைவிக்குத் தெருவில் கேக்கம்மா என்று பெயர். ஒரு பேக்கரியில் பல காலம் வேலை பார்த்தவள். முதலாளி கடையை மூடியபோது அங்கிருந்த பழைய ஓவனை வாங்கி வந்து சமையலறையில் வைத்துவிட்டாள். அது வந்து உட்கார்ந்த பிறகு பிரிட்ஜ் ஹாலுக்குப் போனது, ஹாலில் இருந்த நாற்காலி வாசலுக்குப் போனது, நாற்காலியில் இருந்த பஸ்காரரும் வாசலுக்குப் போனார். பிறந்தநாள் கேக்குகள் நன்றாகவே போயின. ஒரு அடுக்கு கேக்கைப் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

அப்படிக் கொடுத்த ஒரு கேக்கைத் தின்றுவிட்டுத்தான் ஒரு ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் அவளைத் தேடிப் போன் செய்தார். ஓட்டல் ஊருக்கு மறுகோடியில் இருந்தது.

“அக்கா, கைப்பக்குவம் பிரமாதம். அடுத்த மாசக் கடைசி சனிக்கிழமை எங்க ஓட்டல்ல ஒரு விருந்து இருக்கு. மூணு அடுக்கு கேக் கொண்டு வாங்க. அலுங்காம வந்து சேந்தா, அப்புறம் வாராவாரம் ஆர்டர் உங்களுக்குத்தான். அலுங்கி வந்துச்சுன்னா நான் வேற ஆள் பாத்துக்குவேன். வருத்தப்படக் கூடாது.”

கேக்கம்மா போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆயுள் முழுக்க இன்னொருத்தர் கடைப் பெயர் போட்ட பெட்டியில்தான் அவள் செய்த கேக் போனது. இப்போது ஒரு ஓட்டலே அவளைத் தேடி வந்திருக்கிறது. ஆனால் மூன்று அடுக்கு கேக்கை மடியில் வைத்துக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறுவது? வாடகைக் காரையும் ஒருமுறை பார்த்தாயிற்று. அந்தப் புண்ணியவான் ஓட்டிய ஓட்டத்தில் கேக் கூழாகித்தான் இறங்கியது.

“வண்டி ஒண்ணு வாங்கிடலாம்ங்க. பழசா, சின்னதா, போய் வந்தாப் போதும்,” என்றாள்.

பஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வீட்ல டிரைவர் இருக்கேன்ல? நீ கேக்கைச் செய். கொண்டு சேக்கறது என் பொறுப்பு.”

டிப்போவில் கூட வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஸ்பேனர் என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். அவர்தான் ஒரு மருந்துக்கடைக்காரர் விற்கப் பார்க்கும் சின்னக் காரைப் பற்றிச் சொன்னார். மூவரும் போய்ப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் நீல நிறமாக இருந்திருக்க வேண்டும். துவைத்துத் துவைத்து வெளுத்த சீருடை போலிருந்தது. ஒரு கதவு மட்டும் வெள்ளை. வேறு ஏதோ காரிலிருந்து வந்த கதவு. பின்கதவுக் கண்ணாடியைச் சுற்றி இறக்கலாம், ஏற்றும்போது கையால் பிடித்துத் தூக்க வேண்டும். ஹாரன் அடித்தால் யாரோ தும்மியது போலிருந்தது. பஸ்காரருக்கு அதைக் கேட்டதும் மனசு சுருங்கிவிட்டது. அவர் அடித்த ஹாரனுக்குத் தெருமுனை நாய்கூட எழுந்து வழிவிடும்.

ஸ்பேனர் அடியில் படுத்துப் பார்த்தார், மூடியைத் திறந்து பார்த்தார், ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அண்ணே, இது பாக்கறதுக்கு வாங்கற வண்டி இல்ல, ஓடறதுக்கு வாங்கற வண்டி. கண்ண மூடிட்டு எடுங்க.”

கேக்கம்மா இன்ஜின் பக்கமே போகவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பெரிய கேக் பெட்டியைப் பின்சீட்டில் வைத்தாள். சீட் சரிவாக இருந்ததால் பெட்டி பின்பக்கம் சாய்ந்தது. சீட்டின் அடிப்பலகையை மடித்துத் தூக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றார் மருந்துக்கடைக்காரர். தூக்கியதும் கீழே தட்டையான தளம் கிடைத்தது. பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. “இது போதும்,” என்று சொல்லிவிட்டாள். கார் வாங்க வந்தவள் காரைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததை மருந்துக்கடைக்காரர் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்.

அன்று சாயங்காலம் பஸ்காரர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வண்டிகளின் சாவி அவர் கையில் இருந்திருக்கிறது. வேலை முடிந்ததும் டிப்போவில் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வருவார். ஒரு சாவி அவரோடு வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. மனைவி பார்ப்பதற்குள் முகம் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளோட்டம். மனைவியை ஏற்றிக்கொண்டு கம்பீரமாகத் தெருவைத் தாண்டினார். மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஓரம் கட்டி நின்றது.

“என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்லையே.”

“பின்ன ஏன் நிறுத்தினீங்க?”

பஸ்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார். கார் ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. நிழற்குடையில் இருந்தவர்கள் இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவருக்கே தெரியாமல் அவர் கால் பிரேக்கை மிதித்திருந்தது. நின்றது மட்டுமில்லை, யாரோ பின்னாலிருந்து ரைட் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டும் இருந்தார்.

“போலாம், எல்லாரும் ஏறியாச்சு,” என்றாள் கேக்கம்மா.

அதோடு விட்டதா? அடுத்த நிறுத்தத்திலும் நின்றது. திருப்பங்களில் அந்தச் சின்னக் காரை, பின்னால் ஒரு பஸ் நீளத்துக்கு வால் இருப்பது போல அகலமாக வளைத்துத் திருப்பினார். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஏதோ நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். நாள் போகப் போகச் சரியாகிவிடும் என்றார் பஸ்காரர். நாள் போனது, சரியாகவில்லை. ஒரு நாள் சோதனைக்கு இரண்டடுக்கு கேக் ஒன்றை ஏற்றிக்கொண்டு போய் வந்தார்கள். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது மேலடுக்கு கீழடுக்கின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

கேக்கம்மா கத்தியை எடுத்தாள். ஒரு துண்டை வெட்டி அவர் தட்டில் வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கேக்கம்மாவிடமும் லைசென்ஸ் இருந்தது. முன்பு மகள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனபோது துணைக்குப் போனவள், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று தானும் சேர்ந்து கற்றுக்கொண்டாள். படிக்கப் போன மகள் பெயில், துணைக்குப் போன அம்மா பாஸ். அந்த அட்டையைப் பஸ்காரர் அன்று திருப்பித் திருப்பிப் பார்த்து, “போட்டோல நல்லாருக்கே,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொடுத்தார். அதை அவள் மறக்கவில்லை. பஸ்காரர் வெளியே போயிருந்த மதியங்களில் அவள் காரை எடுத்துக் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகியது தெருவுக்கே தெரியும். அவருக்கும் தெரியும். தெரியாதது போல இருந்தார். கேட்டால் அடுத்த பேச்சு எங்கே போய் நிற்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை வந்தது. மூன்று அடுக்கு, வெள்ளை கிரீம், விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பூக்கள். விடிவதற்கு முன்பே எழுந்து அவள் வைத்த பூக்கள் அவை. பஸ்காரர் வேலைக்குப் போகிறவர் போல இஸ்திரி போட்ட சட்டை அணிந்து சாவியை எடுத்தார். அவள் பின்னால் ஏறி, மூடி திறந்த கேக் பெட்டிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

இன்றைக்கு நிற்கவே கூடாது என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினார். மெயின் ரோடு வந்தது. முதல் நிறுத்தத்தில் ஒரு அம்மாள் பஸ்ஸை எதிர்பார்த்துக் கையை நீட்டினாள். அவ்வளவுதான். மனசு வேண்டாம் என்றது, கால் மிதித்துவிட்டது.

பின்னால், “ஐயோ,” என்று ஒரே ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தார். அவள் உள்ளங்கை மேலடுக்கைத் தாங்கியிருந்தது. விரல்கள் கிரீமுக்குள் புதைந்திருந்தன. அடுக்கு விழவில்லை, ஆனால் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு நடுங்கியது. பேக்கரியின் பின்புறத்தில் அவள் அத்தனை வருஷம் நின்று வேலை பார்த்தபோதுகூட அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

பஸ்காரர் இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். விட மனசு வரவில்லை, பொய் சொல்வானேன். இதை விட்டால் அவரிடம் வேறென்ன இருக்கிறது என்றுகூட நினைத்தார். பிறகு இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார்.

“சரி பண்ணிட்டு முன்னாடி போ. நீ ஓட்டு.”

“என்னங்க, மெயின் ரோடு…”

“தெரியும். நான் பிடிச்சுக்கறேன். போ.”

அவள் கைப்பையிலிருந்து சின்னக் கத்தியையும் மிச்ச கிரீமையும் எடுத்து, அடுக்கை நகர்த்தி, விரல் தடங்களை மூடி, அங்கே இரண்டு பூ கூடுதலாக வைத்தாள். அவர் பின்னால் ஏறி இரண்டு கையாலும் கேக் வைத்த பலகையைப் பிடித்துக்கொண்டார். கார் கிளம்பியது. கிளம்பியது தெரியாமல் கிளம்பியது.

வழி முழுக்க அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தார். கியரை மாற்று என்று சொல்ல வாய் வரும், விழுங்கிவிடுவார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வேகத்தடை வருவதற்கு எவ்வளவோ முன்பே வண்டி வேகம் குறைந்து, ஏறி, இறங்கி, மறுபடி போனது. சிக்னலில் நின்றபோது பலகை அவர் கையில் அசையவே இல்லை. சூடான தட்டை ஓவனிலிருந்து வெளியே எடுப்பாளே, அதே நிதானம். இவளிடம் இது இருக்கிறது என்று தினம் பார்த்துக்கொண்டிருந்தும் தோன்றவில்லையே என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு வெட்கம் போய்விட்டது. என் பெண்டாட்டி என்ன அழகாக ஓட்டுகிறாள் என்று நெஞ்சு நிமிர்ந்துகொண்டது.

ஓட்டலின் பின்வாசலில் தலைமைச் சமையல்காரர் பெட்டியைத் திறந்து, குனிந்து, கேக்கை ஒரு சுற்று வந்து பார்த்தார். இரண்டு பூ கூடுதலாக இருந்த இடத்தில் கண் கொஞ்சம் நின்றது.

“அக்கா, அடுத்த சனிக்கிழமை ரெண்டு வேணும். முடியுமா?”

“முடியும்,” என்றார் பஸ்காரர், அவள் வாய் திறப்பதற்குள்.

காருக்குத் திரும்பியதும் அவள் சாவியை நீட்டினாள். “இப்பக் கேக் இல்லைங்க. நீங்க ஓட்டுங்க.”

“வேணாம். நீயே ஓட்டு. நான் சும்மா உக்காந்து வரேன்,” என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பாதி வழியில் ஒரு சிக்னலில் அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நகரப் பேருந்து வந்து நின்றது. ஓட்டியவன் டிப்போவில் அவரிடம் வேலை பழகியவன். எட்டிப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

“என்னண்ணே! அக்கா ஓட்டறாங்க, நீங்க டிக்கெட் எடுத்துட்டு உக்காந்திருக்கீங்க?”

பஸ் பயணிகள் எல்லோரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். பஸ்காரர் கண்ணாடியை முழுக்கச் சுற்றி இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

“ஆமாடா! மூணு அடுக்கு கேக்கு, ஊருக்கு இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும், ஒரு பூ உதிரல! என்னால முடியல. உன்னாலயும் முடியாது. இவ கொண்டு சேத்துட்டா!”

பேருந்தில் யாரோ கை தட்டினார்கள். கேக்கம்மாவுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. “ஐயோ, சும்மா இருங்களேன்,” என்று சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் சிரித்தாள். விளக்கு பச்சைக்கு மாறியது. காலையிலிருந்து ஒரு தடவைகூடத் தடுமாறாத கால் அப்போது தடுமாறி, கார் ஒரு குதி குதித்து அணைந்துபோனது. பின்னால் ரோடு முழுக்க ஹாரன்.

பஸ்காரர் மறுபடியும் தலையை நீட்டினார்.

“இருங்கய்யா! டிரைவர் சிரிச்சு முடிக்கட்டும்!”