இரண்டு வால்டியூப்

தம்பி மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் நெய்வேலிக்குப் போயிருந்தபோது, அத்தை சும்மா இருக்கமாட்டாள், எதையாவது படித்துக்கொண்டுதான் இருப்பாள் என்று தெரிந்து ஒரு நாவலைக் கையில் திணித்தாள். அவள் வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது. ஏதோ ஒரு தேசத்தில் போர்க்காலத்தில் வளரும் ஒரு சிறுமியின் கதை. அத்தியாயத்துக்கு ஒரு குண்டு தவறாமல் விழுந்துவிடுகிறது. படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தபோது, "உங்க காலத்துல இந்த மாதிரி எதுனா நடந்துச்சா அத்தை?" என்று கேட்டாள்.

நடக்காமல் என்ன? எனக்கும் ஒரு போர் வாய்த்தது. ஆனால் என் போரில் ஒரு குண்டுகூட விழவில்லை. அதைச் சொன்னதுமே அவளுக்குப் பாதி ஆர்வம் போய்விட்டது. இருந்தாலும் சொன்னேன். கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைதான், எல்லோரும் சிரிப்பார்கள். கூடத்துக் கட்டிலில் அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தம்பி கைக்குழந்தை. அப்பாவுக்குச் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர் வேலை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடியேறியிருந்தோம். டவுன்ஷிப்பில் அந்த நாளில் யாரும் கடிகாரத்தைப் பார்த்து வாழவில்லை. சுரங்கத்தில் ஷிஃப்ட்டுக்கு ஊதும் சங்குதான் எல்லாம். காலைச் சங்குக்கு அடுப்பு எரியும், மத்தியானச் சங்குக்குச் சோறு இறங்கும், ராத்திரிச் சங்குக்குப் பிள்ளைகள் படுத்தாக வேண்டும். சங்கு ஊதினால் அப்பாவின் கை, தூக்கத்தில்கூட, சட்டையைத் தேடும். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாகிஸ்தானோடு சண்டை மூண்டதும் முதல் வேலையாக அந்தச் சங்கை நிறுத்தினார்கள். இனிமேல் ஊதினால் அது ஷிஃப்ட்டுக்கு இல்லை, விமானம் வருகிறது என்று அர்த்தம். ஊதிய உடனே கரண்டும் நின்றுவிடும், எல்லோரும் பதுங்கு குழிக்கு ஓட வேண்டும். எங்கள் பிளாக்குக்கு எதிரே இருந்த மைதானத்தில் செம்மண்ணை வெட்டி வளைந்த குழி ஒன்று தோண்டினார்கள். இரண்டு நாள் மழையில் அதில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது, தவளைகள் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிட்டன. காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும், பல்லுக்கிடையில் எதையாவது கடித்துக்கொள்ள வேண்டும் என்று வீடு வீடாக வந்து சொன்னார் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமா. கோயமுத்தூர்க்காரர், ஆபீசில் கிளார்க். எங்கள் பிளாக்குக்கு அவரைத்தான் வார்டனாகப் போட்டிருந்தார்கள். கையில் ஒரு பட்டையும் கழுத்தில் ஒரு விசிலும் வந்ததிலிருந்து மனிதருக்கு நடையே மாறிவிட்டது.

எனக்குப் பயம் பிடித்தது பள்ளிக்கூடத்தில். எதிரி முதலில் குறிவைப்பது கரண்டைத்தான் என்று டீச்சர் சொன்னார். கரண்ட் தெர்மல் பவர் ஸ்டேஷனில் இருந்து வருகிறது, தெர்மலுக்கு நிலக்கரி சுரங்கத்தில் இருந்து வருகிறது, ஆகவே நாமெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துவிட்டுக் கணக்குக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. அன்று சாயங்காலம் அப்பாவிடம், "அங்க குழி வெட்டியிருக்காங்களாப்பா?" என்று கேட்டேன். "நான் வேலை பாக்கறதே பெரிய குழியிலதானே" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் குழியை மேலிருந்து ஒருமுறை பார்த்திருக்கிறேன். கூரையே கிடையாது. ஆகாயத்தில் போகிறவனுக்கு அதைவிட நன்றாகத் தெரியக்கூடிய இடம் உலகத்தில் இருக்காது என்று பட்டது.

ஆனால் என் பெரிய பயம் வேறு. அப்பா ஷிஃப்ட்டில் இல்லாத நேரத்தில் விமானம் வந்தால் அவர் பிழைத்துக்கொள்வார், எங்களோடு குழிக்குள் வந்துவிடுவார். ஆனால் சங்கு ஊதினால் இவருக்குத்தான் கை சட்டையைத் தேடுமே? ஷிஃப்ட் என்று நினைத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே குண்டுக்கு அடியில் போய் நின்றுவிட்டால்? இதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் சொன்னால், "போடி கிறுக்கி" என்றாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வரும் பால்காரம்மா பாலை ஊற்றிக்கொண்டே, "கடலூராண்ட பிளேனு சத்தம் கேட்டுச்சாம்மா. எங்க வூட்டுக்காரரு சொல்லிகினு இருந்தாரு. எதுக்கும் புள்ளைங்கள வெளிய வுடாத" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வராந்தாவில் அப்பாவின் சைக்கிள் பக்கத்தில் அம்மா நின்றாள். சேலை முந்தானையால் சீட்டைத் துடைத்தாள், குனிந்து பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு உள்ளே போய் அரிசி களைந்தாள்.

அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சைக்கிளில் காற்று இல்லாவிட்டால் அப்பா எப்படிப் போவார்? அம்மா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து இரண்டு சக்கரத்திலும் காற்றை அடைத்து வைக்கும் சின்ன ரப்பர் குழாயை, அந்த வால்டியூபைக் கழற்றிப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன். காற்று இறங்கும் சத்தம் கேட்டு அப்பா எழுந்துவிடுவாரோ என்று உயிர் போய் உயிர் வந்தது. அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்ததாக நினைத்தேன்.

பதினோரு மணி இருக்கும், சங்கு ஊதியது.

ஐந்து நாளாகக் கேட்காத சங்கு. பிளாக் முழுக்க ஒரு நிமிஷம் புத்தி பேதலித்துப் போயிற்று. எதிர்வீட்டம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள், சங்கு ஊதினால் தண்ணீர் வரும் என்ற பழக்கம். ஒருவர் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். வார்டன் மாமா விசிலை ஊதிக்கொண்டே, "ஏனுங்க, அது டூட்டிச் சங்கு இல்லீங்க, குழிக்குப் போங்க, குழிக்கு" என்று தொண்டை கிழியக் கத்தினார். அதற்குள் மின்விசிறி நின்றது. அப்பா எழுந்து காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் பயந்தது அப்படியே நடந்தது. "அப்பா, அது ஷிஃப்ட் சங்கு இல்லப்பா" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டேன். அம்மாவாவது தடுப்பாள் என்று பார்த்தால், அவள் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அப்பா சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். அது தரையில் உட்கார்ந்தது. குனிந்து முன்சக்கரத்தைத் தடவினார், பின்சக்கரத்தைத் தடவினார், வால்டியூப் இருந்த இடத்தில் விரலை வைத்தார். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓட ஆரம்பித்தார். ஊரே மைதானத்தைப் பார்த்து ஓட, அவர் ஒருவர் மட்டும் சுரங்கத்து ரோட்டில் ஓடினார்.

குழிக்குள் தண்ணீர் என் தொடைக்கு வந்தது. அம்மா தம்பியைத் தோளில் போட்டு அவன் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். எல்லோரும் எதை எதையோ கடித்துக்கொண்டிருந்தார்கள், கர்ச்சீப், துண்டு, ஸ்கேல். நான் கடித்துக்கொண்டிருந்தது அந்த வால்டியூபை. மேலே ஆகாயம் வெறுமனே இருந்தது. ஒரு காக்கை பறந்தாலும் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா இப்போது பஜார் தாண்டியிருப்பார், இப்போது பாலம், இப்போது குண்டு விழும் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா அழவில்லை. வார்டன் மாமாவிடம், "மணி என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது அவருக்கே எரிச்சல் வந்துவிட்டது. "சங்கு ஊதும்ங்க, அவசரப்படாதீங்க" என்றார்.

நீளமாகச் சங்கு ஊதி எல்லோரும் சேறும் சகதியுமாக மேலே ஏறினோம். ஒத்திகைதான் என்று பிறகு சொன்னார்கள். நாங்கள் வீட்டுக்கு வரவும் பால்காரம்மா வாசலில் நின்றார். கையில் ஒற்றைச் செருப்பு.

"உங்க வூட்டுக்காரரு ரோட்ல ஓடிகினு இருந்தாரும்மா. கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. இது வழியில கெடந்துச்சு" என்றார்.

அம்மா செருப்பை வாங்கி, அதில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்து, நிலைப்படி ஓரமாக வைத்தாள். அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டே நான் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒத்திகை என்று எல்லோரும் சொன்னது என் காதில் ஏறவில்லை. செருப்பு மட்டும் திரும்பி வந்தால் ஆள் வரமாட்டார் என்று எப்படியோ தீர்மானித்துவிட்டேன். நானே அப்பாவைக் கொன்றுவிட்டேன், சைக்கிள் இருந்திருந்தால் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்பியிருப்பார் என்றும் தோன்றியது. அது எவ்வளவு தப்பான கணக்கு என்று அப்போது தெரியாது.

அப்பா சாயங்காலம் ஒரு லாரியில் வந்து இறங்கினார். இடுப்புவரை ஈரம், உள்ளங்காலில் ரத்தம். வார்டன் மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "சாரு ஏர் ரெய்டு சங்குக்கே டூட்டிக்குப் போயிட்டாருங்க. இவர மாதிரி நாலு பேரு இருந்தாப் போதும்ங்க, கம்பெனி உருப்பட்டுரும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "பழக்கதோஷம் சார், தூக்கக் கலக்கம்" என்றார். அம்மாவும் சிரித்தாள். எனக்கு மட்டும் அவமானமாக இருந்தது. என் அப்பா ஒரு வெகுளி என்று அன்றைக்குத்தான் முடிவு கட்டினேன்.

மறுநாள் காலையில் அப்பா சைக்கிளை நிறுத்தி, என்னைப் பார்த்து உள்ளங்கையை நீட்டினார். "குடு" என்றார். கொடுத்தேன். பல் பதிந்து ரப்பர் கிழிந்திருந்தது. "கடிச்சு வச்சிருக்கே, இனி ஆகாது" என்று சொல்லிவிட்டுப் புதிது வாங்கப் போனார். அடிக்கவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. ரிட்டயர் ஆகும்வரை அவருடைய சட்டைப்பையில் இரண்டு வால்டியூப் தனியாக இருக்கும். அது சிக்கனக்காரர்களின் முன்யோசனை என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே நிறுத்தினால் கதை சிரிப்பில் முடியும். எப்போதும் இங்கேதான் நிறுத்துவேன். தம்பி மகளும் சிரித்தாள். அப்போது கட்டிலில் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பழக்கதோஷமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

சுரங்கத்துக்கு அடியில் ஊற்று நீர் ராப்பகலாக முட்டிக்கொண்டே இருக்கும், பம்ப் நின்றால் தரை பொங்கிவிடும் என்றாள். அது எனக்கும் தெரிந்ததுதான். எனக்குத் தெரியாததை அதற்கப்புறம் சொன்னாள். சங்கு ஊதினால் கரண்ட் நிற்கும், டீசல் பம்புகளைக் கிளப்ப ஆள் போதாது, அதனால் வீட்டில் இருக்கும் பம்ப் ஆட்களும் உடனே வந்துவிட வேண்டும் என்று சண்டை மூண்ட அன்றைக்கே உத்தரவு. அன்று அப்பா போய்ச் சேர்ந்தபோது அடித்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். உள்ளே ஒரு ஷிஃப்ட் ஆட்கள் முழுக்க இருந்தார்களாம்.

"சைக்கிள்ல போனா இருவது நிமிசம். ஓடிப் போனா எம்புட்டு ஆவும்? அதான் மணி கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ தூங்குவியா? ஒவ்வொரு சங்குக்கும் உங்கப்பா அங்கதான் ஓடுவாருன்னு தெரிஞ்சா? அதான் தூக்கக் கலக்கம்னு சொல்லச் சொன்னேன். ஊரு சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போவுதுன்னுட்டாரு."

தம்பி மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"அன்னைக்குக் காலையில நானும் அந்த வால்டியூபைப் புடுங்கத்தான் போயி நின்னேன். உள்ள இருக்கவன் வீட்டுலயும் புள்ள இருக்கும்லா. கை வரல."

அவள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.