ஒரே நீலத்தில் இரண்டு படைகள்

1974 ஆகஸ்ட் 10. மாதத்தின் இரண்டாம் சனி, ஆபீஸ் இல்லை. ஐந்து மணிக்கு எழுந்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வைத்தேன். நாட்குறிப்பில் "மழை, ஏழாம் நாள்" என்று எழுதினேன். பிறகு சமையலறைக்குப் போய், அடுப்பு மேடையின் ஓரத்தில் தட்டில் நிறுத்தியிருந்த முப்பத்தாறு வீரர்களில் முதலாமவனைத் தொட்டுப் பார்த்தேன். நீலம் விரலில் ஒட்டியது.

மறுநாள் போர். அதுவும் கடைசிப் போர்.

அப்போது அந்தமானில், மாயாபந்தரில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். வயது நாற்பத்து மூன்று. விண்வெளிப் படைவீரர்களை விரல் உயரத்துக்கு ஈயத்தில் வார்த்து, வண்ணம் பூசி, சாப்பாட்டு மேஜையில் வேற்றுக் கிரகம் ஒன்றை அமைத்து, தாயக்கட்டை உருட்டிச் சண்டையிடுவது என் பொழுதுபோக்கு. ஒரு கப்பல்காரர் விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகையில் பொம்மைப் போர் பற்றி வந்திருந்த கட்டுரைதான் ஆரம்பம். அதில் இருந்தவை பழைய காலத்துச் சேனைகள். கிரகமாக மாற்றியது என் எதிராளி பாய்.

"ராஜா சண்டைன்னா எவனாச்சும் கோவிச்சுக்குவான் சார். கிரகம்னா கேக்க ஆளே இல்ல" என்றார்.

பாய் கப்பல் ஜெட்டிக்குப் பக்கத்தில் கயிறு, ஆணி, பெயின்ட் விற்கும் கடை வைத்திருந்தார். ராமநாதபுரம் பக்கம். ஊரில் என்னோடு விளையாடச் சம்மதித்த ஒரே மனிதர். எங்கள் ஆபீஸ்காரர் ஒருவர் ஒருமுறை வந்தார். நான் நாற்பத்தோரு விதிகளையும் படித்து முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டார். பாய் மட்டும் படிக்கும்போது வெற்றிலை மடித்துக்கொண்டு, "ஆகட்டும் சார், ஆகட்டும்" என்றார். ஒரு விதியையும் காதில் வாங்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. இரண்டு வருடத்தில் எட்டுப் போர் நடந்து ஆளுக்கு நான்கு வெற்றி. இப்போது அவர் கடையை மூடிவிட்டு, செவ்வாய்க்கிழமைக் கப்பலில் போர்ட் பிளேருக்குக் கிளம்புகிறார். அங்கே ஜங்லிகாட் பகுதியில் அவருடைய தம்பி கடையில் இனி பங்காளி. ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் ஒன்பதாம் போரோடு கணக்கு முடியும். தோற்றால் திருப்பி அடிக்க எனக்கு ஆள் கிடையாது.

இந்தப் போருக்காக இருவரும் புதுப்படை வார்த்திருந்தோம். கரையில் ஒதுங்கும் கணவாய் மீன் ஓட்டை இரண்டாகப் பிளந்து, மரத்தில் செதுக்கிய மாதிரியை நடுவில் வைத்து அழுத்தினால் அச்சு ரெடி. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை உருக்கி ஊற்ற வேண்டும். ஓர் ஓடு ஒரு வார்ப்புக்கே கருகிவிடும். உடைந்ததும் சேர்த்து முப்பத்தாறு வீரருக்கு ஐம்பத்திரண்டு ஓடு செலவானது. மாதிரியைச் செதுக்கியவன் நான். கேட்டார் என்று பாய்க்கும் கொடுத்தேன்.

கிரகத்தின் நிலப்பரப்பு இன்னொரு தலைவலி. செத்த பவளக்கல்லை அடுக்கி, அதன்மேல் மைதாப் பசையில் நனைத்த காகிதத்தை ஒட்டி மலைகள் செய்தேன். முதல் மலைத்தொடரைக் கரப்பான் மூன்றே நாளில் தின்று தீர்த்தது. இரண்டாவது முறை பசையில் மயில்துத்தம் கலந்தேன். மலை தப்பியது. ஆனால் மேலே தூவ வெள்ளை மணலைச் சலிக்கக் கைக்கு அகப்பட்டது டீ வடிகட்டி.

"ஏங்க, டீ நறநறங்குது. உங்க கிரகத்த என் அடுப்படிக்கு வெளியில வெச்சுக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதமே சிவப்பு வேண்டும் என்று பாயிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஜூலைக் கப்பலில் வந்தது தோணிகளுக்கு அடிக்கும் நீலம் மட்டும். "நீலந்தான் இருக்கு, லே லோ, எடுத்துக்கங்க சார். கிரகத்துல சிவப்புன்னு யாரு பாத்தா?" என்றார். கரைக்க டர்பன்டைனும் இல்லை என்றார். மண்ணெண்ணெயில் கரைத்து அடித்தேன். அந்த மழையில் அது எப்படிக் காயும்? ஆனால் என் மூன்றாம் விதி தெளிவாக இருந்தது: வண்ணம் பூசாத வீரன் களம் இறங்கக் கூடாது, அடிப்பூச்சு வண்ணம் ஆகாது. முன்பு பாயின் பாதிப் படையை இந்த விதியைக் காட்டித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது நானே அதை மீற முடியாது. சனிக்கிழமை முழுவதும் தட்டை அடுப்புக்கு அருகில் நகர்த்துவதும், மனைவி அதைத் தள்ளுவதுமாகப் போனது. இரவு சாப்பாட்டுக்கு முன் தொட்டேன். விரலில் ஒட்டவில்லை. படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, சொன்ன நேரத்துக்கு அரைமணி தாமதமாக, பாய் பிஸ்கட் டின்னோடு வந்தார். மூடியைத் திறந்து தன் படையை மேஜையில் அடுக்கினார்.

முப்பத்தாறு பேரும் நீலம். அதே நீலம்.

"பாய், என்ன இது?"

"பட்டாளம் சார்."

"எனக்கு நீலம் வித்தது நீங்கதானே?"

"நாந்தான். கப்பல்ல வந்ததே அது ஒண்ணுதான் சார். நான் மட்டும் எங்க போவேன்?"

"ரெண்டு படையும் ஒரே அச்சு, ஒரே நிறம். யாருது யாருதுன்னு எப்படித் தெரியும்?"

அவர் என் விதிப் புத்தகத்தை என் பக்கமே தள்ளினார். "நிறம் வேற வேறயா இருக்கணும்னு எந்த நம்பர்ல சார் எழுதியிருக்கு?"

இரண்டு தடவை படித்தேன். நாற்பத்தோரு விதிகளில் தாயக்கட்டை மேஜையிலிருந்து விழுந்தால் என்ன செய்வது என்பதுவரை இருந்தது. இது இல்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஒரு பக்கத்து ஆளுக்கெல்லாம் நெத்தியில குங்குமம் வெச்சு விடுங்களேன்."

"சார் ஆளுக்கு வைங்க தங்கச்சி. என் ஆளு பொட்டு வெச்சா ஊருக்கு எப்படிப் போவான்?" என்று பாய் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குங்குமம் வண்ணமா அடையாளமா என்று விதியில் இல்லாததால் மறுத்தேன். ஒவ்வொரு வீரனும் எங்கே நிற்கிறான் என்று நானே குறித்துக்கொள்கிறேன் என்றேன். குறித்தேன். ஆறாம் சுற்றுவரை என் குறிப்பு சரியாக இருந்தது. அதற்குமேல் பாய் நகர்த்துகிற வேகத்துக்குப் பேனா ஓடவில்லை. "மெதுவா, பாய்" என்று எத்தனை முறை சொன்னேன் என்பதற்குக் குறிப்பு இல்லை.

பன்னிரண்டாம் சுற்று முடியும்போது மலைக் கணவாயில் யாருடைய வீரன் நிற்கிறானோ அவருக்கே வெற்றி. அந்தச் சுற்றில் அங்கே ஒரே ஒருவன் நின்றான். பாய் தன் ஆள் என்றார். நான் என் ஆள் என்றேன். அடியில் பார்த்தால் போதும். என் வீரர்கள் எல்லோருக்கும் மசியில் எண் எழுதியிருந்தேன். ஆனால் ஒன்பதாம் விதிப்படி எதிராளியின் வீரனைத் தூக்கினால் ஆட்டம் போயிற்று.

"உங்க ஆளுதான்னு உறுதின்னா தூக்குங்களேன் சார்."

"நீங்க தூக்குங்க, பாய்."

இருவரும் தூக்கவில்லை. இருபது நிமிடம் அந்த ஈயத்துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

பாய்தான் முதலில் என் கையைப் பார்த்தார். விரல்கள் ஐந்தும் நீலம். மழைக் காற்றில் வண்ணம் மறுபடி பிசுபிசுத்திருந்தது. தன் கையை விரித்துக் காட்டினார். சுத்தமாக இருந்தது.

"தொடக் கூடாதுன்னு விதி இருக்கா சார்?"

இல்லை. அவர் கணவாயில் நின்றவனின் தலையில் விரலை வைத்து எடுத்தார். ஒட்டவில்லை.

"என் ஆளு" என்றார்.

"உங்களுது எப்படிக் காஞ்சுது?"

"டர்பன்டைன் சார். ஒரு போட்காரர்கிட்ட அரை பாட்டில் மிச்சம் இருந்துச்சு."

"எனக்கு இல்லைன்னீங்க!"

"கடையில இல்லன்னுதானே சொன்னேன்?"

ஐந்துக்கு நான்கு. பாய் தன் வீரர்களைப் பிஸ்கட் டின்னில் வழித்துப் போட்டார். அடுக்கவில்லை, வழித்துப் போட்டார். வாசலில் நின்று, "போர்ட் பிளேர் பக்கம் வந்தா வாங்க சார். அங்க எல்லாக் கலரும் கிடைக்கும்" என்றார். எனக்கு இருந்த எரிச்சலில் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு வருடம் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்த மனிதருக்குச் சொல்லும் வார்த்தை அது இல்லை. மழையில் அவர் குடை ஜெட்டிப் பக்கம் திரும்பிய பிறகுதான் அது உறைத்தது.

அன்று முழுவதும் விரலைத் தேய்த்துக் கழுவினேன். படுக்கும் முன் மனைவி, "இனி யாரோட சண்டை போடுவீங்க, என்னோடயா?" என்றாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கும் முன்னால், போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் பேனா நின்றது. பொய் எழுதிப் பழக்கமில்லை. கடைசியில் "முடிவு பெறாத சொந்த விவகாரம்" என்று எழுதி, நகல் ஒன்று எடுத்துக்கொண்டு, மேலதிகாரியின் மேஜையில் வைத்தேன்.