தன் வேலைக்கு எதிராக வாதாடிய விமானி

கனகராயன்குளத்து நெல் விவசாயி செல்வநாயகத்தின் மகள் யதுர்ஷிகா. கணிதத்தில் கெட்டிக்காரி. வளைகுடா நாட்டு விமான நிறுவனம் ஒன்று, பறந்து பழக்கமே இல்லாத இளையவர்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, நேரே பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமர்த்துகிறது. அதில் அவளுக்கு இடம் கிடைத்தது.

பயிற்சிப் பள்ளி முடிந்து, பயணிகளோடு பறக்கத் தொடங்குமுன் விடுமுறைக்கு ஊர் வந்தாள். சனசமூக நிலையத்தில் ஆண்டு விழா. தலைவர் சிவகரன், பஸ் சாரதி, அவளை வைத்தே ஒரு விவாதம் ஒழுங்கு செய்தார்: 'அனுபவமில்லாதவர்களைப் பயணிகள் விமானம் ஓட்ட விடலாமா?' திருவுளச்சீட்டில் அவளுக்கு விழுந்தது 'விடக்கூடாது' என்ற பக்கம்.

"மாத்தி எடுங்கோ பிள்ளை, ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்," என்றார் சிவகரன்.

"பரவாயில்லை அண்ணை. இதையே பேசுறன்."

முதலில் 'விடலாம்' என்ற பக்கத்துக்குச் சிவகரன் பேசினார். "நானும் முதல்நாள் பஸ் எடுக்கேக்கை புதுசுதான். பக்கத்திலை பழைய ரைவர் இருந்தவர். ஓடாமல் அனுபவம் எங்கையிருந்து வரும்?" நல்ல கைதட்டல்.

யதுர்ஷிகா எழுந்தாள். "சிமியுலேற்றர் எண்டு ஒரு பெட்டிக்குள்ளை எங்களை இருத்தி மழை, புயல் எல்லாம் காட்டுவினம். பிழை விட்டால் திருப்பித் தொடங்கலாம். ஆனா வானத்திலை கப்டனுக்கு ஏதும் நடந்தால், புதுப்பிள்ளை தனியத்தானே இறக்கவேணும்? சின்ன விமானங்களிலை சில வருசம் பறந்திட்டு வந்தால் என்ன?"

நடுவர்கள் அவள் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள்.

வீடு திரும்பும்போது தாய் ஜெகதீஸ்வரி பொரிந்து தள்ளினார். "உனக்கென்ன விசரே? ஊரைக் கூட்டி வைச்சு உன்ர வேலையை நீயே வேண்டாமெண்டிட்டாய்."

"வேலையை வேண்டாமெண்டு சொல்லேல்லை அம்மா. எனக்குள்ளை அந்தப் பயம் இருந்தது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இண்டைக்கு மைக்கிலை சொல்லிப்போட்டன்."

செல்வநாயகம் சிரித்த சிரிப்பில் ஜெகதீஸ்வரியின் கோபமும் கரைந்துவிட்டது.

திரும்பிப் போனதும், தன்னைப் பழக்கவிருந்த தலைமை விமானியான கப்டனிடமும் அவள் ஒளிக்கவில்லை. தனியே இறக்குவதில், அதுவும் பக்கக்காற்று அடிக்கும்போது இறக்குவதில்தான் பயம் என்றாள். முதலிலேயே சொன்னது நல்லது என்ற கப்டன், அதற்கென்று மேலதிகப் பயிற்சி எடுத்துக் கொடுத்தார். முதல் பயணங்களில், அவசரமென்றால் கைகொடுக்க இன்னொரு விமானியும் அவர்களுக்குப் பின்னால் அமர்ந்திருந்தார்.

ஒரு பின்னேரம் நல்ல பக்கக்காற்று. கப்டன் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். யதுர்ஷிகாவே இறக்கினாள். சக்கரம் தொட்டபோது விமானம் குலுங்கியது. ஆனால் நேராக ஓடி நின்றது.

அன்றே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"ஆரும் ஏசினவையே?" என்று கேட்டார் தாய்.

"இறங்கேக்கை பயணி ஒருத்தர் தன்ர முதுகைத் தடவிக்கொண்டு போனவர்."

"அப்ப அடுத்தமுறை மெல்லமா இறக்கு. சாப்பிட்டனியே?"

சில மாதங்களில் அந்தப் பின்னிருக்கை விமானி தேவைப்படவில்லை.