வலிக்காத கடி

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எங்கள் கடற்கரைத் தெருவில் அப்படி நடுங்கிய ஆளை நான் பார்த்ததில்லை. காய்கிற வலையைப் புரட்டினால் சாரை ஓடும். குசினிக் கூரையில் கொம்பேறி மூக்கன் தொங்கும். உடைமரக் காட்டுக்கு விறகுக்குப் போனால் உடும்பு நம்மை ஒரு முறை முறைத்துவிட்டுத் தன் பாட்டுக்கு நடக்கும். பல்லி சொன்னால் மட்டும் நான் கொஞ்சம் நிற்பேன். பலன் பார்ப்பது பாவம் என்று பிரசங்கத்தில் சாமியார் சொல்வார்; அவர் வீட்டிலும் பல்லி கத்தத்தானே செய்யும்?

கடலில் கிடக்கும் பாம்பை எங்கள் ஆட்கள் பாம்பாகவே மதிப்பதில்லை. வலையில் மாட்டினால் நூலைக் கவ்விக்கொண்டு விடாது. அதனால் அதற்கு வலைகடியன் என்று பெயர். அதைக் கொல்லக் கூடாது, கொன்றால் அந்த வலையில் மீன் படாது என்பது வழக்கம். கையால் விடுவித்து, வாலைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றித் தண்ணீரில் எறிவார்கள். என் வீட்டுக்காரர் அதில் கெட்டிக்காரர்.

சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான். புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். மதுவிலக்கை எடுத்துவிட்டுச் சாராயக்கடைகளைத் திறந்திருந்தார்கள். கல்யாணமான இரண்டே வருடத்தில் என் மனுஷர் பாதி நாள் அங்கேதான் கிடந்தார். நான் சும்மா இருக்கிறவளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலில் முழந்தாள்போட வைத்து, எரிகிற மெழுகுதிரியைக் கையில் கொடுத்து, இனிமேல் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினேன். மீறினால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்றும் சொன்னேன். வெறும் மிரட்டல் இல்லை, துணியை மூட்டை கட்டியே வைத்திருந்தேன். அதன்பின் நாற்பது நாள் மனுஷர் ஒரு சொட்டுத் தொடவில்லை.

நாற்பத்தோராம் நாள் காலை பத்து மணிக்குக் கடலிலிருந்து வந்தார். நடை தள்ளாடியது. கண்ணிமை பாதி மூடிக் கிடந்தது. "எங்க போய்ட்டு வாரீரு?" என்று கேட்டேன். "கழுத்து... கழுத்து..." என்று நாக்குக் குழற என்னவோ சொன்னார். குடித்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சுன்னு சும்மாவா சொன்னாவ? மாதாகிட்டயே பொய் சொல்லிட்டீரே!"

முகத்தருகே போய் மோந்து பார்த்தேன். வாடை இல்லை. அதைக் கண்டு நின்றிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. கிராம்பை மென்று மறைத்திருக்கிறார் கள்ளன் என்றுதான் புத்தி போனது. சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினேன். முற்றத்துப் பூவரச மரத்தடியில் மடங்கி விழுந்தார். ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தேன். எழுந்திருக்கவில்லை. "கெடக்கட்டும் சவம்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அழுதேன். "இதுக்கு நீரு கடல்லயே போயிருக்கலாம்" என்று சொன்னதும் இந்த வாய்தான்.

மதியம் சாய்ந்த பிறகு என் கொழுந்தன் வந்தான். அண்ணனும் தம்பியும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள்.

"மைனி, அண்ணன் ஏன் மரத்தடியில கெடக்கான்?"

"ஏலே, நீயும் சேந்துதான குடிச்சே? ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்க!"

"யாரு குடிச்சா? கரையேறுனதும் மேலு வலிக்குன்னு நேரா வீட்டுக்குல்லா வந்தான்." அவன் முகம் சட்டென்று மாறியது. "மைனி, விடியக்காலம் ஒரு வலைகடியன் அண்ணன் பெருவிரல்ல பல்லு வச்சுட்டு. வலியே இல்லன்னு சிரிச்சுக்கிட்டே தூக்கி எறிஞ்சான். வலி இல்லன்னா வெசமும் இல்லன்னு நானும் விட்டுட்டேன்."

ஓடினேன். நான் ஊற்றிய தண்ணீர் வெயிலில் காய்ந்திருந்தது. வேட்டியில் புதிதாக ஓர் ஈரம், கடுங்காப்பி நிறத்தில் மூத்திரம். தாடை பூட்டிக்கொண்டிருந்தது. பெருவிரலில் குண்டூசி குத்தினது போல இரண்டு புள்ளி, அவ்வளவுதான். வீக்கம்கூட இல்லை.

குதிரைவண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கடல்பாம்பு விஷத்துக்கு இங்கே ஊசி கிடையாது என்றார் டாக்டர். குளுக்கோஸ் ஏற்றுவோம், மூச்சு நிற்காமல் இருந்தால் பிழைப்பார் என்றார். அந்தக் கடி வலிக்காது, நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் கழுத்தைப் பிடித்து, நாக்கைக் குழறவைத்து வேலையைக் காட்டும், அதில்தான் எல்லாரும் ஏமாந்துபோகிறார்கள் என்றும் சொன்னார். போகும்போது என்னைப் பார்த்து, "அவருக்கு நினைவு தப்பலம்மா. கை காலும் நாக்கும்தான் அசையல. நாம பேசறதெல்லாம் கேக்கும். தைரியமா நாலு வார்த்தை பேசுங்க" என்றார்.

அப்படியானால் மரத்தடியிலும் கேட்டிருக்கிறது. ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறது. ஐயோ, அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. தெருவையே கூட்டுகிற எனக்கு அவரிடம் பேச ஒரு வார்த்தை வரவில்லை. மூன்று நாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாம்பின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சிக்கிக்கொண்டது, உயிர்ப்பயத்தில் அகப்பட்டதைக் கவ்வியது. என்னை யார் என்ன செய்தார்கள்?

நாலாம் நாள் காலையில் உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து, குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ஏளா, நா குடிக்கல."

"தெரியும்" என்றேன்.

எப்போது தெரியும் என்று அவர் கேட்கவில்லை.