மச்சான்ட ரெண்டு லயிட், என்ட நாலு லயிட்

எங்கட எழுவான்கரையில ஜீப்புக்குக் கூரை லயிட் முதல் முதல் பூட்டின ஆள் நான்தான்.

சரி, பொய். பூட்டினது என்ட மச்சான், பொஞ்சாதிட தமையன். நான் ஏணியப் பிடிச்சனான். அதையும் ஒழுங்காப் பிடிக்கல்ல எண்டு அவன் இப்பவும் சொல்லுவான்.

சுனாமிக்குப் பிறகு கண்ட கண்ட நாட்டுக்காரரும் உதவிக்கு வந்து இறங்கினாங்க. எல்லாருக்கும் வெள்ளை ஜீப். வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம் ராவில குழியும் மாடும் பார்த்து ஓடோணுமே, அதுக்குக் கூரையில லயிட் வேணும். செட்டிபாளையத்தில வயர் வேலைக்கு ரெண்டு பேர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மச்சான்ட கராஜ், இந்தப் பக்கம் நான் பிறகு பிரிஞ்சு போட்ட கொட்டில். ஜீப்பெல்லாம் அவனுக்கு. எனக்கு ஓட்டோவும் லேன்ட்மாஸ்டர் உழவு மெசினும்.

ஜீப் பிரேக் அடிக்கிற சத்தம் கேட்டா சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு ஒழும்புவன். அது கிறுகி அங்கால போகும். மறுகா குந்துவன். என்ட வயித்தெரிச்சலில பெட்டரி சார்ஜ் பண்ணியிருக்கலாம்.

வீட்ட போனா பொஞ்சாதிட வாயிலயும் அவன்தான்.

"அண்ணனுக்கு வெள்ளைக்காரி ஒருத்தி கேக் குடுத்தவவாம்."

"கேக்கில வயர் இழுக்கேலாது புள்ள."

"உங்களுக்குக் கேக்கும் இல்ல, வயரும் இல்ல."

கடவுள் கண்ணத் திறந்தார், மச்சானுக்குக் காய்ச்சல் வந்திச்சு. கிரான் பக்கத்து டிரைவர் ஒருத்தன் ஜீப்ப என்ட கொட்டிலுக்குள்ள விட்டான். "இது சரிவந்தா மிச்ச ஜீப்பெல்லாம் உங்களுக்குத்தான் அண்ணன்" எண்டான். எனக்கு நெஞ்சு ரெண்டு அங்குலம் கூடிட்டு.

மச்சான் ரெண்டு லயிட் பூட்டுவான். நான் நாலு பூட்டினன். அவன் பெட்டரியில இருந்து தனி வயர் இழுத்து, ரிலே எண்டு ஒரு குட்டிப் பெட்டியும் வைப்பான். படம் காட்டத்தான் அந்தப் பெட்டி எண்டு நினைச்சன். கூரைக்குள்ளயே ஒரு லயிட் இருக்கே, கதவத் திறந்தாப் பத்துறது, அதில இருந்தே கரண்ட எடுத்தன். பியூஸ் பட்டெண்டு போச்சு. அதுக்குப் பதிலா செப்புக் கம்பியச் சுத்திவிட்டன். சுவிச்சப் போட்டன், நாலும் பத்திச்சு.

கதவெல்லாம் திறந்து கிடந்தபடியாத்தான் பத்தினது. சாத்தின உடன நூந்திருக்கும். நான் எங்க பார்த்த? மச்சான் போர்வையச் சுத்திக்கொண்டு கராஜ் வாசலில குந்தியிருந்தான். அவன் பார்க்கிறானா எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். சுவிச்சையும் நூக்கல்ல.

பொழுது படுற நேரம், "களுதாவளை வரைக்கும் ஓடிப் பார்ப்பம்" எண்டு டிரைவர் என்னையும் ஏத்தினான். கதவச் சாத்தினதும் நாலும் நூந்தத ரெண்டு பேரும் கவனிக்கல்ல. அந்த நாளையில செக்பொயிண்டக் கண்டா முன் லயிட்ட நூத்து, உள் லயிட்டப் போடோணும், ஆமிக்காரன் எங்கட முகத்தப் பார்க்க. இது பால்குடிப் புள்ளைக்கும் தெரியும். செக்பொயிண்ட் வந்திச்சு, டிரைவர் முன் லயிட்ட நூத்தான். உள் லயிட்டப் போட்டான்.

கூரை லயிட் நாலும் பளாரெண்டு ஆமிக்காரன்ட முகத்தில. பாவம், விடிஞ்சிட்டு எண்டு நினைச்சிருப்பான்.

துவக்கு நிமிர்ந்திச்சு. சிங்களத்தில கத்தினான், எனக்கு விளங்கினது "லயிட்" மட்டும். கையத் தூக்கச் சொல்லிக் காட்டினான், தூக்கினம். கையத் தூக்கினா சுவிச்ச ஆர் நூக்கிற? அதுக்குள்ள என்ட செப்புக் கம்பி நிண்டு பிடிச்சிட்டு, வயர்தான் உருகினது. கூரைச் சீலை புகைஞ்சு, லயிட் நாலும் தானா நூந்திச்சு. என்ட வேலையில அது ஒண்டுதான் சரியா நடந்தது.

கைய இறக்க விட்டாப்பிறகு டிரைவர் மச்சானுக்குப் போன் அடிச்சான். மச்சான் காய்ச்சலோட சைக்கிளில வந்தான். ரெண்டு விரலால அந்த வயரப் பிடுங்கி எறிஞ்சிட்டு, சிங்களத்தில என்னவோ சொன்னான். ஆமிக்காரரெல்லாம் என்னப் பார்த்துச் சிரிச்சாங்க. அவனுக்கு ஒரு கோப்பை பிளேன்டி வந்திச்சு, எனக்கு முறைப்பு. மறுகா அவங்கட ட்ரக்கில ஹோர்ன் வேலை செய்யுதில்லையாம், அதையும் அவனே பார்த்தான். நான் டோர்ச்சப் பிடிச்சன். டிரைவர் என்ட முகத்தப் பார்க்காம மச்சானிட்டச் சொன்னான், "மிச்ச ஜீப்பையும் நீங்களே செய்யுங்க அண்ணன்."

அப்பதான் பாருங்க, நான் டோர்ச்சக் கீழ வச்சிட்டு, நெஞ்ச நிமித்தி, அந்தப் பெரிய ஆமிக்காரனுக்கு முன்னால போய் ஒரு கேள்வி கேட்டன். மச்சான் கையில இருந்த குறட்ட அப்பிடியே கீழ போட்டிட்டு...

"மச்சான்! ஜீப்புக் கூரையில நிக்கிறன், ஏணி ஆடுது, எங்க போய்த் துலைஞ்ச?"

வாறன் மச்சான், வாறன்.