இருவர் சேர்ந்து எடுக்கும் எலும்பு

மிசுஸு இருபது வயதில் நீலப்படத்தில் நடிக்க வந்தவள். முதல் நாளே "போதும், நிறுத்துங்க" என்று அழுதாள், ஒருவனும் நிறுத்தவில்லை. பதினைந்து வருடம் கழித்து அவளே இயக்குநரானபோது ஒரே ஒரு சட்டம்தான் போட்டாள்: நடிக்கிற பெண் 'போதும்' என்று சொன்னால் கேமரா நின்றுவிட வேண்டும். அவளிடம் ஒப்பனைக்காரியாக இருக்கும் எனக்கே சில நாள் எரிச்சலாக இருக்கும். ஆனாலும் கேமரா நிற்கும்.

போன மாதம் சொந்த ஊரான யமகாத்தாவில் அவள் அம்மா இறந்துபோனார். துணைக்கு நானும் போனேன். எங்கள் ஜப்பானிய வழக்கப்படி, எரித்து முடிந்ததும் உறவினர்கள் சாம்பலிலிருந்து எலும்புகளை இருவர் இருவராகச் சேர்ந்து குச்சிகளால் எடுத்து ஜாடியில் வைக்க வேண்டும். தனியாக எடுக்கக் கூடாது. மிசுஸு குச்சியைப் பிடித்ததும், எதிரே நின்ற தாய்மாமன் தன் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீயாச்சும் வாடா."

"வேணாங்க்கா. பசங்க பாக்குறாங்க."

"என் அம்மாடா!"

"படத்துல நடிக்கப் போனப்ப அம்மா ஞாபகம் வரலையா?" என்றார் மாமா.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க அந்தப் படத்தப் பாத்துதானே தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கத்திவிட்டேன்.

மாமாவின் முகம் சிவந்தது. ஆனாலும் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.

கடைசியில், மிக நெருங்கிய உறவினர்கள் எடுத்து வைக்கும் தொண்டை எலும்பு மட்டும்தான் மிச்சம். மாமாவும் தம்பியும் சேர்ந்து அதைத் தூக்கினார்கள்.

"போதும், நிறுத்துங்க," என்றாள் மிசுஸு. "அது ஒண்ணையாவது எனக்கு விடுங்க."

அவர்கள் ஜாடியை மூடி வெள்ளைத் துணியைச் சுற்றினார்கள்.