என் இங்கிலீஷைத் திருத்துன குரல்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போற ஆளு நான். அத முதல்லயே சொல்லிர்றேன், ஏன்னா இதக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள நீங்க என்னைய ஒரு பார்வை பாப்பீக, அந்தப் பார்வை எனக்கு நல்லாத் தெரியும், நானே எத்தனையோ பேர அப்படிப் பாத்திருக்கேன். காரைக்குடி பக்கம் பழைய பங்களா ஒண்ண ஹோட்டலா மாத்தியிருக்காக, அங்கதான் எனக்கு இப்ப வேலை, வெளிநாட்டுல இருந்து வர்றவுகளுக்கு வீட்டச் சுத்திக் காட்டணும். பாதிப் பேரு கேக்குறது ஒண்ணுதான், இங்க ஆவி உண்டான்னு. வவ்வா உண்டு, கரையான் உண்டு, மழை பெஞ்சா ரெண்டு எடத்துல ஒழுகும், அதுக்கு மேல ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லுவேன். மனசாரத்தான் சொல்றேன். அவ்வளவு பெரிய வீட்ட ஒத்தையில பூட்டிட்டு வந்திருக்கேன், ஒரு எழவும் என்னைய வந்து பாத்ததில்ல.

என்னையப் பிடிச்சது எங்க பள்ளிக்கூடத்துல, சாயங்காலம் நாலரை மணிக்கு, ஏசி போட்ட புது ரூம்ல. இதச் சொன்ன உடனே எல்லாரும் கேக்குறது, அங்க யாரு செத்தான்னு. யாரும் சாகல. அந்த எடத்துல அதுக்கு முன்ன சைக்கிள் ஸ்டாண்டு இருந்துச்சு. அதுக்கு முன்ன பொட்டல். நானும் விசாரிக்காத ஆளில்ல. யாராச்சும் செத்திருந்தாலாவது ஒரு காரணம்னு சொல்லி மனச ஆத்திக்கலாம், அதுக்கும் வழியில்லாமப் போச்சு.

நான் அப்ப பதினொண்ணாவது. இங்கிலீஷுக்குன்னே மாநில அளவுல ஒரு போட்டித் தேர்வு வச்சாக, முதல்ல வர்ற கொஞ்சப் பேருக்குக் காலேஜ் படிப்பு மொத்தமும் அவுகளே பாத்துக்குவாக. எங்க பள்ளிக்கூடத்துல இருந்து என்னையும் ஃபாத்திமாவையும் பேரு குடுத்தாக. ஃபாத்திமா என் பெஞ்சுக்காரி, அவுக அத்தா சவுதியில இருந்தாக, அவளுக்கு அது கெடைக்காட்டியும் பெருசா ஒண்ணுமில்ல. எனக்கு அப்படியில்ல. எங்கப்பாவுக்குப் பிள்ளையார்பட்டி கோயில் பக்கத்துல தேங்கா, அர்ச்சனத் தட்டு விக்கிற கடை. அதுல வர்றத வச்சுத்தான் நாங்க நாலு பேரு சாப்பிடணும், நானும் தங்கச்சியும் படிக்கணும். அந்தத் தேர்வு இல்லேன்னா எனக்குப் பன்னெண்டோட படிப்பு முடிஞ்சுதுன்னு யாரும் வாய்விட்டுச் சொல்லல, ஆனா வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

எழுதுறதுக்கு நான் பயப்படல. பேசுற பகுதிதான் உயிர எடுத்துச்சு. தெனம் ஒரு தலைப்புல ரெண்டு நிமிசம் பேசி, ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி அனுப்பணும், சென்னையில இருந்து ஒரு மேடம் அதக் கேட்டு மார்க் போட்டுத் திருப்பி அனுப்புவாக. பின்னாடி சத்தம் கேட்டா மார்க் கொறைப்பாக. எங்க வீடோ கோயில் தெருவுல. நான் வாயத் தொறந்தா மணி அடிக்கும், மணி நின்னா மைக்குல ஆளத் தேடுவாக, அதுவும் நின்னா வேன்காரன் ஹாரன். அதனாலதான் அந்த ரூமு. புதுசா கட்டி, கம்ப்யூட்டர் வச்சு, சுவரு பூராம் ஸ்பாஞ்சு ஒட்டி, கதவச் சாத்துனா காதுக்குள்ள பஞ்சு வச்ச மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு அஞ்சரை பஸ்ஸு வர்ற வரைக்கும் இங்கிலீஷ் மிஸ் சாவியக் குடுத்துட்டுப் போவாக.

ஒரு வாரம் போச்சு. மேடம் அனுப்புன குறிப்புல ஒரு வரி இருந்துச்சு, தப்பு வந்ததும் நீயே திருத்திக்கிற, நல்ல பழக்கம், ஆனா கொஞ்சம் சத்தமாத் திருத்துன்னு. எனக்கு ஒண்ணும் புரியல, ஏன்னா நான் எதையும் திருத்தல. தப்புன்னு தெரிஞ்சாத்தான திருத்துறதுக்கு.

பஸ்ஸுல இயர்ஃபோனப் போட்டுக் கேட்டேன். நான் பேசிக்கிட்டே வர்றேன், 'வீ டிஸ்கஸ்டு அபௌட் தி பிராப்ளம்'னு சொல்றேன், நான் சொல்லி முடிக்க ஒரு குரல், 'டிஸ்கஸ்டு. நோ அபௌட்'. பொம்பளக் குரல். கிழவியும் இல்ல, சின்னப் பிள்ளையும் இல்ல. நூறு நோட்டுத் திருத்திட்டு நூத்தி ஒண்ணாவது நோட்டத் தொறக்குறவுக குரல் எப்படி இருக்கும், அப்படி அலுத்துப்போன குரல். நம்புனா நம்புங்க, எனக்கு முதல்ல பயம் வரல, கோவம்தான் வந்துச்சு. வீட்டுல அப்பா, பள்ளிக்கூடத்துல மிஸ், சென்னையில மேடம், இது பத்தாதுன்னு இவுக யாரு புதுசா?

மறுநாள் ஃபாத்திமாகிட்ட போட்டுக் காட்டுனேன். அவ ரெண்டு தடவ கேட்டா.

"நீதான்டி சொல்ற. டென்சன்ல சொல்லிட்டு மறந்திருப்ப."

"நான் சொன்னா எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஃபோன்ல ஏதோ கோளாறு. இந்தா, என் ஃபோன்ல பேசு, நானும் கூட ஒக்காந்திருக்கேன்."

கதவச் சாத்திட்டு ரெண்டு பேரும் ஒக்காந்தோம். நான் பேசுனேன், அவ என் வாயவே பாத்துக்கிட்டு இருந்தா. அந்த ரெண்டு நிமிசமும் ரூம்ல என் சத்தத்தத் தவிர ஒரு சத்தமில்ல, அத அவளும் ஒத்துக்கிட்டா. அப்புறம் அவ ஃபோன்லயே போட்டுக் கேட்டோம். 'ஷீ டோன்ட் நோ'ன்னு நான் சொல்றேன், அந்த 'டோன்ட்' மேலயே ஏறி அந்தக் குரல் 'டஸன்ட்'டுங்குது. ரெண்டு குரலும் ஒரே நேரத்துல. ஒரு வாயில ரெண்டு வார்த்தை எப்படிங்க ஒண்ணா வரும்? ஃபாத்திமா ஃபோன மேசை மேல கவுத்து வச்சிட்டு, "வா, வெளிய போவோம்"னா, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவ அந்த ரூமுக்குள்ள வரல, அவுக வீட்டு மச்சுல பேசி அனுப்புனா. நானும் ஒரு நாள் அங்க போயிப் பேசிப் பாத்தேன், அங்க குரலு இல்ல, ஆனா அவ தம்பி கத்துறது பூராம் விழுந்து மார்க் கொறஞ்சு போச்சு. இதையெல்லாம் இங்கிலீஷ் மிஸ்கிட்டச் சொன்னேன். நல்லாத் தூங்கு, தலைக்கு எண்ணெய் வையின்னு சொல்லிட்டுப் போயிட்டாக.

வேற என்ன பண்ணுவேன், அந்த ரூமுக்கே திரும்பப் போனேன். ஏன் போனன்னு கேப்பீக. மார்க் ஏறுச்சுங்க, அதான். அந்தக் குரலு சொன்ன தப்பயெல்லாம் நோட்டுல எழுதி வச்சு மனப்பாடம் பண்ணுனேன். அது சொன்னதுல ஒண்ணுகூட பிசகுனதில்ல. புத்தகத்தப் பாப்பேன், அதே மாதிரி இருக்கும், எரிச்சல் இன்னும் ஏறும். ஒரு நாள் பொறுக்க மாட்டாம, ரெக்கார்டு ஓடும்போதே, "யாருங்க நீங்க, எதுக்கு இப்படிப் பண்றீக"ன்னு தமிழ்லயே கேட்டேன். போட்டுக் கேட்டா ஒண்ணுமில்ல, என் குரல் மட்டும் இருக்கு. தப்பான இங்கிலீஷுக்குத்தான் அவுக வாயத் தொறப்பாக போல.

பெறகு இன்னொண்ணு நடந்துச்சு. குரலு எனக்கு முன்னாடி வர ஆரம்பிச்சுச்சு. நான் இன்னும் அந்தத் தப்பச் சொல்லவே இல்ல, அதுக்குள்ள திருத்தம் வந்துரும், அடுத்த நொடி நான் அதே தப்ப அப்படியே சொல்லுவேன். இனி அந்த ரூமுப் பக்கமே போகக் கூடாதுன்னு நெனச்சேன். ஆனாலும் தேர்வுக்கு மூணு வாரந்தான் இருந்துச்சு, நான் நோட்டுல எழுதிக்கிட்டேதான் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கெழம தலைப்பு, என் குடும்பம். சுலபமான தலைப்பு. தப்பில்லாமப் பேசிட்டோம்னு நெனச்சுக்கிட்டுத்தான் பஸ்ஸுல ஏறுனேன். போட்டுக் கேக்குறேன், நான் சொல்றேன், 'மை ஃபாதர் ஸிட்ஸ் இன் தி ஷாப் எவ்ரி டே', எங்கப்பா தெனம் கடையில ஒக்காருவாகன்னு. அதுக்கு அந்தக் குரலு சொல்லுது, 'ஸாட்'.

ஸிட்ஸ் இல்லையாம், ஸாட். ஒக்காருவாக இல்லையாம், ஒக்காந்தாக.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். இத்தன நாளு என்னைய ஆட்டி வச்சுட்டு இப்ப இவுகளே தப்பாச் சொல்றாகளேன்னு. தெனம் நடக்குறதுக்கு நிகழ்காலம்தான், அது ஆறாவதுப் பிள்ளைக்குத் தெரியும். சொன்னா வெக்கக்கேடு, உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமும் வந்துச்சு, மாட்டுனீகளா கடைசியிலன்னு. அப்படியே மேடத்துக்கு அனுப்பிட்டேன். மறுநாள் பதில் வந்துச்சு. சரியாச் சொன்னத நீயே கெடுத்துட்ட, நிகழ்காலம்தான் சரி, அரை மார்க் கொறைச்சிருக்கேன்னு. ஃபாத்திமாவுக்கு ஃபோன் போட்டு அரை மணி நேரம் அந்த அரை மார்க்குக்காகப் பொலம்புனேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல. இலக்கணம் இலக்கணம்னு அலைஞ்ச கண்ணுக்கு அது இலக்கணமாத்தான் தெரிஞ்சுச்சு.

ஞாயித்துக்கெழம காலையில நல்ல கூட்டம். எப்பவும் பத்து மணிக்கு நான் போயி கடையில ஒக்காருவேன், அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போவாக. அன்னைக்கு நான் மாதிரித் தேர்வு எழுதிக்கிட்டு இருந்தேன். அப்பா ஃபோன் பண்ணுனாக.

"ஏத்தா, வாரியா?"

"இன்னும் அரை மணி நேரம்ப்பா. நேரம் வச்சு எழுதிக்கிட்டிருக்கேன்."

"சரி சரி, நீ எழுது. எனக்கு ஒண்ணும் பசிக்கல."

அந்த அரை மணி நேரத்துக்குள்ள, பின்னால எடுத்த ஒரு வேனு, ஓட்டுனவரு பிரேக்குன்னு நெனச்சு எத மிதிச்சாரோ, நேரா எங்க கடைக்குள்ள ஏறிருச்சு. தேங்கா மூட்டைக்கும் சுவத்துக்கும் நடுவுல அப்பா மாட்டிக்கிட்டாக. மதுரையில ஒன்றரை மாசம் ஆஸ்பத்திரி. உயிரு தப்புச்சு. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் வேலை செய்யல, இன்னைக்கு வரைக்கும் படுக்கையும் சக்கர நாற்காலியுந்தான். கடைய வேற ஆளுக்கு விட்டாச்சு. எங்கப்பா அந்தக் கடையில தெனம் ஒக்காந்தாக. இப்பச் சொல்லுங்க, எது சரின்னு.

எனக்கு அந்தக் குரலு ஞாபகம் வந்தது ஆஸ்பத்திரி வராந்தாவுல, மூணாவது நாளு. எங்கம்மா யாரோ ஒருத்தர்கிட்ட ஃபோன்ல, "தெனம் அங்கதான ஒக்காந்திருந்தாக"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாக. அம்மா இன்னும் பேசிக்கிட்டே இருந்தாக, எனக்கு அதுக்கப்புறம் ஒண்ணும் காதுல ஏறல. கையில இருந்த காப்பி டம்ளரக் கீழ வச்சிட்டு அங்கயே தரையில ஒக்காந்துட்டேன்.

தேர்வு எழுதுனேனான்னு கேட்டா, எழுதுனேன். அப்பா படுத்துக்கிட்டே, போய் எழுதிட்டு வாத்தான்னு அனுப்பி வச்சாக. தேர்வும் மதுரையிலதான். அங்க போய் ஒக்காந்தா, பேசுற பகுதி இந்த வருசம் கெடையாது, எழுத்து மட்டுந்தான்னு அறிவிச்சாக. எனக்கு அழுகணுமா சிரிக்கணுமான்னு தெரியல. ரெண்டு மாசமா அந்த ரூம்ல கெடந்து, ஊருபேரு தெரியாத ஒண்ணுகிட்டத் திட்டு வாங்கி, எல்லாம் இல்லாத ஒரு தேர்வுக்கு. எனக்கும் கெடைக்கல, ஃபாத்திமாவுக்கும் கெடைக்கல. அந்த ரூமுக்கு நான் திரும்பப் போகல. பன்னெண்டு முடிச்சிட்டு வேலைக்கு வந்தேன், தபால்ல டிகிரி படிச்சேன். ஹோட்டலுக்கு வர்றவுக, உங்க இங்கிலீஷ் ரொம்பச் சுத்தமா இருக்கே, எங்க கத்துக்கிட்டீகன்னு கேப்பாக. பள்ளிக்கூடத்துலதான்னு சொல்லுவேன்.

ஆத்திரம் மட்டும் இன்னும் போகல. தெரிஞ்சவுக தெளிவாச் சொல்லணுமா இல்லையா? ஞாயித்துக்கெழம, வேனு, கடை, இவ்வளவு சொன்னாப் போதுமே. இங்கிலீஷ்ல ஒத்தை வார்த்தையச் சொன்னா, அரை மார்க்குக்குச் சாகுற ஒரு பிள்ளைக்கு என்ன வெளங்கும்? பல வருசம் இதச் சொல்லித்தான் அந்தப் பொம்பளையத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

போன பொங்கலுக்கு அப்பறம் ஒரு நாளு, பழைய ஃபோன்ல இருந்தத எல்லாம் புதுசுக்கு மாத்திக்கிட்டு இருந்தேன். அப்பா பக்கத்துல நாற்காலியில. அந்த வெள்ளிக்கெழமப் பதிவு தானா ஓட ஆரம்பிச்சுருச்சு. நான் பதறி நிறுத்தப் போனேன்.

"இருக்கட்டும் விடு, கேப்போம்"னாக அப்பா. எட்டாவதோட நின்னவுக, இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது, இந்தக் குரலப் பத்தி நான் அவுககிட்டச் சொன்னதே கெடையாது. தலையச் சாச்சுக்கிட்டு முழுசாக் கேட்டாக. முடிஞ்சதும் என்னையப் பாத்தாக.

"நடுவுல பேசுறது யாருத்தா?"

"யாரோப்பா. தெரியல."

"பாவம். என்னமோ பெருசாச் சொல்ல வந்துருக்கு. சொல்ல முடியாம முழுங்கிருச்சு."

அன்னைக்கு இயர்ஃபோனப் போட்டு, சத்தத்தக் கூட்டி, மறுபடி மறுபடி கேட்டேன். இருக்குங்க. 'ஸாட்'டுக்கு முன்னாடி ஒரு மூச்சு இருக்கு. நெஞ்சு நெறைய இழுத்த மூச்சு, ஒரு வார்த்தைக்கு யாரும் அவ்வளவு மூச்சு இழுக்க மாட்டாக. இழுத்து, நின்னு, அப்புறம் அந்த ஒத்தை வார்த்தை.